கும்பிடு என்று நினைத்த வலிப்பு

எங்கள் வீட்டில் குழந்தை தூங்கி எழுந்ததும் முதலில் சாமி படத்தைக் காட்டுவது வழக்கம். மகள் சுபாவுக்கு அப்படித்தான் செய்தோம். அவள் பதினோராம் வகுப்பு படிக்கும்போது பிறந்த முத்துவுக்கும் அப்படித்தான். என் மனைவி கோமதி அவனைத் தொட்டிலிலிருந்து தூக்கி, முகத்தைத் துடைத்து, முன்னால் பார்க்கும்படி இடுப்பில் வைத்துக்கொண்டு பூஜை அலமாரி முன்னால் போய் நிற்பாள். அவனுக்கு ஆறு மாதம் நிறைந்திருந்த சமயம் ஒரு காலையில் அப்படி நின்றபோது முத்து சட்டென்று தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

"என்னங்க, ஓடி வாங்க! புள்ள சாமி கும்பிடுதான்!"

பல் துலக்கிக்கொண்டிருந்த நான் நுரையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். கும்பிட்டான். வேறு எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் தெரியவில்லை. தலை தாழ்ந்தது, கை கூடியது, கண் மேலே போனது. சில நொடி இடைவெளி விட்டு மறுபடியும். முடிந்ததும் லேசாகச் சிணுங்கினான். பசி என்று நினைத்தோம்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், தூங்கி எழும் நேரத்தில் இப்படி அடுத்தடுத்துக் குனிகிறதா என்று பாருங்கள். பார்த்தால் அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். நான் எழுத உட்கார்ந்ததே இந்த இரண்டு வாக்கியத்துக்காகத்தான். மீதி, நாங்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதும் பிறகு என்ன ஆனது என்பதும். எனக்கு நெடுநாளாக நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. கண்ணால் கண்டதையும் பிறர் சொன்னதையும் கலக்காமல் எழுத முயல்வேன். இதிலும் அப்படியே.

சங்கரன்கோவிலில் எங்களுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே சிறிய விசைத்தறிக் கூடம். சேலை ஓட்டுகிறோம். கோமதி நாற்பது வயதில் மறுபடி உண்டானபோது தெருவில் கொஞ்சம் பேச்சு இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா, எங்கள் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டே, "பொண்ணுக்கு மாப்ள பாக்குத வயசுல தொட்டில் கட்டுதாவ" என்றாள். சுபா பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கோமதி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூடப் புடவைத் தலைப்பை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டுதான் போவாள்.

முத்து கும்பிட ஆரம்பித்ததும் இது எல்லாம் ஒரே வாரத்தில் மாறிப்போனது. அதே செல்லம்மா காலையில் குளித்துவிட்டு வந்து எங்கள் நடுவீட்டில் காத்திருந்தாள். "ஏட்டி கோமதி, இது லேசுப்பட்ட புள்ள இல்ல. சாமியே அனுப்பிருக்கு" என்று சொல்லி அவன் காலடியில் செம்பருத்தி வைத்தாள். தெருவில் இன்னும் சிலர் வந்தார்கள். சுபா அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் மறைத்த தம்பியை ஊருக்கே காட்டினாள். கோமதி தலை நிமிர்ந்து நடந்தாள். பேச்சு வாங்கிய ஒரு பிறப்புக்கு நல்ல அர்த்தம் கிடைத்திருந்தது. அதைச் சந்தேகப்பட எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

வேறு சில மாற்றங்களும் இருந்தன. சுபா காக்கை மாதிரிக் கத்தினால் முன்பெல்லாம் அவன் வயிறு குலுங்கச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு குறைந்தது. பிறகு இல்லை. முகத்துக்கு நேரே முகம் வைத்தால் அவன் பார்வை நம்மைத் தாண்டி எங்கோ போகும். "சாமி புள்ளைல்லா, அமைதியா இருக்கான்" என்றார்கள். நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம்.

சளிக்காகத்தான் எங்கள் ஊர்க் குழந்தை டாக்டரிடம் போனோம். காத்திருக்கையில் தூங்கிய முத்து, டாக்டர் அவன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் விழித்தான். குனிந்தான்.

கோமதி பெருமையாக, "பாத்தீங்களா டாக்டர், அந்தக் காலண்டர்ல முருகர் இருக்காருல்லா, அவரக் கும்பிடுதான்" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி குனிவானா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தான். "இப்படி எவ்வளவு நாளா?" என்றார்.

"ஒரு மூணு வாரமா. காலைல எந்திரிச்சதும் தினம் பண்ணுவான். தெருவே வந்து பாக்கும்."

"படம் இல்லாத இடத்துல பண்ணுவானா?"

இந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"மத்தியானம் தொட்டில்லருந்து எடுத்தாலும் பண்ணுவான்" என்றாள் கோமதி. குரல் இறங்கிவிட்டது. "அங்கன செவருதான் இருக்கு."

"மொகம் பாத்துச் சிரிக்கானா?"

"முன்ன சிரிச்சான்" என்றேன் நான்.

டாக்டர் எங்கள் ஊர்க்காரர்தான். மெதுவாகச் சொன்னார். "அம்மா, இது கும்பிடு இல்ல. வலிப்புல ஒரு வகை."

கோமதிக்குக் கோபம் வந்தது. "வலிப்புன்னா கை காலு வெட்டி இழுக்கும், வாயில நுரை வரும். எனக்குத் தெரியாதா? சாமி கும்பிடுத புள்ளையப் போயி இப்படிச் சொல்லுதீங்களே!"

"இது அப்படி வராதும்மா. அதான் எல்லாரும் ஏமாந்துருதாங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. நான் போன் பண்ணிச் சொல்லுதேன், இன்னைக்கே திருநவேலிக்குப் போயிருங்க."

பஸ்ஸில் போனோம். தேவர்குளம் தாண்டும்வரை முத்து தூங்கினான். அவன் விழிக்கக் கூடாதென்று நாங்கள் இருவரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம். மானூர் பக்கத்தில் விழித்தான். எதிரே முன் சீட்டின் முதுகுதான் இருந்தது. குனிந்தான். கோமதி அவன் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடிக்குள்ளேயே அந்த வெட்டு வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மாள், "அடடே, கும்பிடுதியா ராசா!" என்று சொல்லித் தானும் கைகூப்பினாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் குழந்தைகளுக்கான நரம்பியல் டாக்டர், நடுவயதுப் பெண்மணி. முதலில் கேட்டது வீடியோவைத்தான். சுபாவுக்குப் போன் செய்தேன். அவள் அழுதாள். "அப்பா, நான் பாட்டு வேற போட்டு வச்சேனே. எல்லாரும் ஹார்ட் போட்டாங்களே. இப்பவே அழிச்சிருதேன்." டாக்டரம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, "அழிச்சிராத, கண்ணு. எல்லாத்தையும் அனுப்பு. இத நீ எடுத்து வச்சதாலதான் எப்ப ஆரம்பிச்சதுன்னே எனக்குத் தெரியப்போகுது" என்றார். பாட்டோடுதான் அவர் அதைப் பார்த்தார். ஒலியைக் குறைக்கக் கோமதிக்கும் எனக்கும் கை வரவில்லை.

அன்று மாலையே இ.இ.ஜி. எடுத்தார்கள். மூளையில் ஓடும் மின்சாரத்தை வெளியிலிருந்து பதிவு செய்வது அது. தலையில் பல இடங்களில் பசை தடவிச் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டுகிறார்கள். வலி இல்லை. குழந்தை தூங்கும்போதும் விழிக்கும்போதும் எடுக்க வேண்டும் என்பதால் நேரம் ஆகும். திரையில் வரிவரியாக ஓடுவதைக் காட்டினார்கள். சாதாரணக் குழந்தையின் பதிவைப் பக்கத்தில் வைத்ததால் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அதில் அலைகள் ஓர் ஒழுங்கில் வந்தன. முத்துவுடையதில் ஒவ்வொரு வரியும் தன் இஷ்டத்துக்கு உயர்ந்து சரிந்தது. புயல் நாளில் கடலைப் பார்ப்பது போல இருந்தது. இதற்கு மருத்துவத்தில் ஹிப்ஸ்அரித்மியா என்று பெயர். நோயின் பெயர் இன்ஃபன்டைல் ஸ்பாசம், கைக்குழந்தைகளுக்கு மட்டும் வரும் வலிப்பு. குனிவு ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் குனியாத நேரத்திலும் மூளைக்குள் அந்தக் கொந்தளிப்பு ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் பார்ப்பது, சிரிப்பது, கற்பது எல்லாம் நின்றுபோகும் என்றார் டாக்டரம்மா. சீக்கிரம் அடக்கினால் திரும்ப வழி உண்டு. எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டி, காயம் எதுவும் இல்லை. நிம்மதியாக இருந்தது. உடனேயே அந்த நிம்மதி போய்விட்டது. ஒன்றும் இல்லையென்றால் இது ஏன் வந்தது? அதைத்தான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். இவனுக்கு இது புரியுமா என்று பார்க்காமல், அவசரப்படாமல் அவர் பதில் சொன்னார். அதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

மூளையின் மேற்புறத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு போர்வை இருக்கிறது. புறணி என்பார்கள். பார்ப்பது, நினைப்பது எல்லாம் அங்கேதான். அதில் உள்ள நரம்பணுக்களில் பெரும்பாலானவை தூண்டும் வகை. ஒன்று அடுத்ததைப் பார்த்து 'போ, போ' என்று சொல்லும்; செய்தியைத் தொலைவுக்கும் அனுப்பும். சிறுபங்கு அணுக்கள் வேறு வகை. அவை தொலைவுக்குப் பேசுவதில்லை, பக்கத்தில் இருப்பவற்றிடம் மட்டும் 'நில், பொறு, இப்போது நீ மட்டும்' என்று சொல்லும். இன்டர்நியூரான், தமிழில் இடைநரம்பணு. எண்ணிக்கையில் குறைவானாலும் இவை இல்லாமல் புறணிக்கு ஒழுங்கு இல்லை.

தறிக்காரனுக்கு இது புரியாமல் போகாது. பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஒன்று அறுந்தால் அதில் கோத்திருக்கும் சிறு தகடு கீழே விழும், தறி நின்றுவிடும். அந்தத் தகடு துணி நெய்வதில்லை. ஆனால் அது விழ வேண்டிய நேரத்தில் விழாவிட்டால், அறுந்த நூலோடு தறி ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாருக்குக் குறையே இருக்காது, துணிதான் வீணாகும். இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "கிட்டத்தட்ட சரி" என்றார். "ஆனா உங்க தகடு தறி செஞ்ச அன்னைக்கே அதுல இருக்கும். இந்த அணு அங்க பிறக்கிறதே இல்ல. வெளியூர்லருந்து வரணும்."

அவர் அடுத்துச் சொன்னதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தூண்டும் அணுக்கள் புறணிக்கு நேர் கீழே பிறந்து, கம்பத்தில் ஏறுவது மாதிரி நேராக மேலே ஏறிவிடும். இடைநரம்பணுக்கள் பிறக்கும் இடம் வேறு. முன்மூளையின் அடியில், ஆழத்தில், கருவில் மட்டும் இருந்து பிறகு மறைந்துபோகும் ஒரு புடைப்பு உண்டு. அங்கே பிறந்து பக்கவாட்டாக வெகுதூரம் ஊர்ந்துதான் புறணியைச் சேர வேண்டும். ஒவ்வொன்றும் முன்னால் ஒரு உணர்கொம்பை நீட்டும். அது கிளை பிரியும். ஒரு கிளையை வைத்துக்கொண்டு மற்றதை இழுத்துக்கொள்ளும். பிறகு உடம்பு ஒரு தாவலில் அந்தப் பக்கம் போகும். நிற்கும். மறுபடி நீட்டும். வழியில் சில இடங்களில் ஊறும் வேதிப்பொருள்கள் 'இங்கே வராதே' என்று தள்ளும், சில 'இந்தப் பக்கம்' என்று இழுக்கும். மேற்பரப்பை ஒட்டி ஒரு கூட்டம், ஆழத்தில் ஒரு கூட்டம் என்று பாதை பிரிந்து போகும். புறணியை அடைந்ததும் முதலில் அதன் நீளத்துக்குப் பரவி, அப்புறம்தான் திரும்பித் தன் அடுக்குக்குள் இறங்கும். தேவைக்கு மேல்தான் வந்து சேரும். அக்கம்பக்கத்தோடு இணைப்புக் கிடைக்காதவை செத்துப்போகும். எலியிலும் மற்றப் பாலூட்டிகளிலும் பார்த்துத் தெரிந்துகொண்டது இதில் நிறைய. மனிதக் குழந்தைக்கு ஒரு விசேஷம் உண்டு. பிறந்த பிறகும் சில மாதங்களுக்கு, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதிக்கு அந்த அணுக்கள் வந்துகொண்டே இருக்கும்.

"பிறந்த பிறகுமா?" என்று கேட்டேன்.

"ஆமா. உங்க மடியில கெடக்கும்போதும்." இன்னொன்றும் சொன்னார். 'நில்' என்று சொல்ல இவை பயன்படுத்தும் வேதிப்பொருள் ஆரம்பத்தில் தூண்டத்தான் செய்யுமாம். மூளை முதிர முதிரத்தான் அதே பொருள் அடக்கக் கற்றுக்கொள்ளும். வந்து சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது, வந்த இடமும் பக்குவப்பட வேண்டும்.

"அப்ப இவனுக்கு அந்த அணு வந்து சேரலையா?"

"சில குழந்தைங்களுக்கு அந்தப் பயணத்துக்கான மரபணுவுல பிழை இருந்து இதே வலிப்பு வருது, அது தெரியும். உங்க பையனுக்கு அதுதான்னு நான் சொல்ல மாட்டேன். ரத்தம் அனுப்பிருக்கோம். அதுலயும் தெரியாமப் போகலாம். பல பேருக்குக் காரணம் தெரியிறதே இல்ல."

"மருந்து குடுத்தா வந்து சேருமா?"

"மருந்து எந்த அணுவையும் கூட்டிட்டு வராது. கொந்தளிப்ப அடக்கும். அடங்கினா மூளை தன் வேலையப் பாக்கும்."

தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. கோமதிக்குப் பிடிக்கவில்லை. அறைக்கு வெளியே வந்ததும், "பெரிய டாக்டருன்னாவ, எதக் கேட்டாலும் தெரியாதுங்காவளே" என்றாள்.

முத்துவை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். தினமும் தொடையில் ஊசி. உடம்பே சுரக்கும் ஒரு சுரப்பு நீரைக் கூடுதலாகக் கொடுப்பது அது. ஊசியின் விலையைக் கேட்டதும் அடுத்த லோடு நூலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றி இவ்வளவு போதும். மருந்து ஆரம்பித்ததும் முத்துவின் முகம் உப்பியது. ஓயாத பசி, காரணமில்லாத அழுகை. சின்னஞ்சிறு பட்டையைக் கையில் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். தொற்று எளிதாக வரும் என்பதால் வெளியாட்கள் வரக் கூடாது. திருநெல்வேலியிலேயே இருக்கும் என் மச்சினன் தினமும் வேலை முடிந்து சாப்பாட்டைக் கொண்டுவந்து, வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, ரோட்டில் நின்று எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போவான். முத்து பார்க்கிறானா என்று சைகையில் கேட்பான். நான் அவனைத் தூக்கி ஜன்னலில் காட்டுவேன். முத்து கண்ணாடியைப் பார்ப்பான், மாமாவைப் பார்க்க மாட்டான்.

பக்கத்துக் கட்டிலில் கடையநல்லூரிலிருந்து வந்த ஆயிஷா, தன் மகன் யாசீனோடு இருந்தாள். அதே நோய். முதல் இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் கோமதியே அவளிடம், "எங்க வீட்ல சாமி கும்பிடுதான்னுல்லா நெனச்சோம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆயிஷா யாசீனைத் தோளில் போட்டுக்கொண்டு பேசினாள். "அக்கா, இவன் வாப்பா துபாய்ல இருக்காங்க. வீடியோ கால்ல பாத்துட்டு, மவன் எனக்கு ஸலாம் சொல்லுதான்னு சொல்லுவாங்க. இவன் ஒவ்வொரு தடவ குனியும்போதும் அங்கன இருந்து 'வஅலைக்கும் ஸலாம், வஅலைக்கும் ஸலாம்'னு பதில் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. கூட இருக்கவங்களையும் கூப்பிட்டுக் காட்டுவாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் நான் அவங்ககிட்ட சொல்லல. காய்ச்சல்னுதான் சொல்லிருக்கேன்."

கோமதி எழுந்துபோய் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அடுத்த நாள் போனைப் பிடித்துக்கொண்டதும் கோமதிதான். ஆயிஷா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள். டாக்டரம்மாவிடம் நான் இதைச் சொன்னபோது, பழைய மருத்துவப் புத்தகங்களிலேயே இதற்கு சலாம் வலிப்பு என்று பெயர் உண்டு என்றார். அவரவர் கண்ணுக்குப் பழகிய வணக்கத்தைத்தான் எல்லோரும் இதில் பார்த்திருக்கிறார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. கோமதிக்கு இல்லை. "எல்லாரும் பாத்தா மட்டும் சரியாயிருமா?" என்றாள்.

அந்த நாட்களில் எங்களுக்குப் பயம் அவன் விழிக்கும் நேரம்தான். தூங்கினால் தூங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். இமை அசைந்தால் கோமதி என் கையைத் தொடுவாள். குனிவுகளைக் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். அவை முதலில் குறையவில்லை. பிறகு அடுத்தடுத்து வரும் குனிவுக் கொத்துகள் சின்னதாயின. ஒரு காலையில் விழித்தான், கொட்டாவி விட்டான், காலை உதைத்தான், அவ்வளவுதான். நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. மறுநாளும் இல்லை. கோமதி வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. கட்டில்களுக்கு நடுவே இருந்த திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாசீனுக்கு நிற்கவில்லை, வேறு மருந்து தொடங்கியிருந்தார்கள். "மெதுவாப் பேசுங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். நான் பேசியிருக்கவே இல்லை.

இரண்டாம் முறை எடுத்த இ.இ.ஜி.யில் கொந்தளிப்பு இல்லை. அலைகள் வரிசையில் வந்தன. டாக்டரம்மா திரையைக் காட்டிவிட்டுச் சொன்னார்: "பாதிக் கிணறு தாண்டியாச்சுன்னு வச்சுக்கங்க. இனி எனக்கு இந்தத் திரை முக்கியமில்ல. ஆளைப் பாக்கணும். இவங்க என் ஆளு, இவங்க வேத்தாளுன்னு தெரியணும். அது வந்தாத்தான் உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

"எப்ப வரும்?"

"வரும்போது உங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

வீட்டுக்கு வந்தோம். ஊசி நின்று, மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருந்தோம். தெருவில் யாரையும் உள்ளே விடவில்லை. சுபா, தம்பியின் முடியில் காய்ந்து ஒட்டியிருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் தடவித் துளித்துளியாக எடுத்தாள். அவன் எதிரே உட்கார்ந்து காக்கை மாதிரிக் கத்தினாள், பூனை மாதிரிக் கத்தினாள். அவன் விசிறியைப் பார்த்தான். யார் தூக்கினாலும் போனான், யார் இறக்கினாலும் இருந்தான். வீட்டு வேலைக்கு மட்டும் வந்துகொண்டிருந்த பெண், "யாருகிட்ட குடுத்தாலும் இருக்கானே, நல்ல புள்ள" என்றாள். சுபா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் தறிக்கூடத்தில் உட்கார்ந்து அந்த அணுக்களைப் பற்றி யோசிப்பேன். ஒன்று கொம்பை நீட்டுகிறது, இழுத்துக்கொள்கிறது, ஒரு தாவல் போகிறது, நிற்கிறது. அதை யாரும் கூப்பிட்டுக்கொண்டு போகவில்லை. தட்டி எழுப்பவும் முடியாது. என் மகனின் நெற்றிக்குப் பின்னால் அது நடக்கிறதா, நடக்கவில்லையா? எந்தக் கருவியிலும் அது தெரியாது என்றார் டாக்டரம்மா. ஒழுங்காக வேலை செய்து பழகியவனுக்கு, தான் ஒன்றும் செய்ய முடியாத வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய கஷ்டம்.

அப்போதுதான் கோமதி தன் நேர்த்திக்கடனைச் சொன்னாள்.

"வெட்டு நின்னா குலசாமிக்கு மொட்டை போடுதேன்னு ஆஸ்பத்திரில வச்சு நேந்துக்கிட்டேன். நின்னுட்டு. இனி தள்ளிப்போடக் கூடாது."

"இவனக் கூட்டத்துக்குள்ள கொண்டு போகக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கல்லா?"

"இவனுக்கு யாரு நேந்தா? உங்களுக்கு."

"எனக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா விட்டுருப்பீங்களா?"

"மீசை?"

"சாமிகிட்ட பாதி பாதியாவா பேச முடியும்?"

சுபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. "அப்பா, மீசை இல்லாமப் போனா பேங்க்ல உள்ள விட மாட்டாங்க. எதுக்கும் ஆதார எடுத்துட்டுப் போங்க."

கல்லூரிக் காலத்திலிருந்து வைத்திருந்த மீசை. வாசுதேவநல்லூரைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் குலசாமி. தனியாகப் போனேன். நாவிதர் தலையை முடித்துவிட்டு, "மீசையுமா அண்ணாச்சி? ஒரு தடவைக்கு ரெண்டு தடவ யோசிச்சுக்கிடுங்க" என்றார். யோசிக்க என்னிடம் எதுவும் இல்லை. சந்தனம் பூசிக்கொண்டு, கும்பிட்டேன். என்ன கேட்பதென்று தெரியாமல், அவன் என்னைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியானம். முத்து சுபாவின் மடியில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். அவன் என்னைப் பார்த்தான். வழக்கம்போலப் பார்வை என்னைத் தாண்டிப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. தலையில் நின்றது. மூக்குக்குக் கீழே வந்து நின்றது. மறுபடி தலைக்குப் போனது. கீழுதடு பிதுங்கியது. பிறகு வீடே அதிரும்படி ஒரு அலறல். திரும்பி சுபாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தான்.

கோமதி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னாச்சு? வெட்டா?"

"இல்லம்மா" என்றாள் சுபா. "அப்பாவப் பாத்துப் பயப்படுதான்."

மருந்து கொடுத்த நாட்களில் காரணமில்லாமல் நிறைய அழுதிருக்கிறான். இது அந்த அழுகையாக இருக்கலாம். நான் உறுதி செய்துகொள்ள விரும்பினேன். கதவுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்து நின்றேன். அழுகை குறைந்தது, விம்மல் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அலறினான்.

"வேத்தாளுன்னு நெனைக்கான்" என்றாள் கோமதி. கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, வேத்தாளுன்னு நெனைக்காங்க. போங்க, அங்கன போயி நில்லுங்க. இல்ல, போகாதீங்க. இன்னொரு தடவ எட்டிப் பாருங்க."

"அம்மா, பாவம்மா அவன்" என்றாள் சுபா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"ஒரே ஒரு தடவைட்டி."

நான் கதவை ஒட்டி நின்றேன். உள்ளே வர எனக்கும் ஆசை, அவனை அழவிடவும் ஆசை. மூன்றாம் முறை எட்டிப் பார்த்தபோது அவன் வாயைத் திறந்துவிட்டான். "முத்து, அப்பாதாம்ல" என்றேன்.

அழுகை பாதியில் நின்றது. குரல் எங்கிருந்து வந்தது என்று தேடினான். என் வாயைப் பார்த்தான், கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான், பிறகு என் கண்ணைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.